மூன்று வளையம் போட்ட போத்தல்

பிரிக்பீல்ட்ஸ்
8 ஜூன் 2025

அமுதவள்ளிக்கு,

நடந்ததை நடந்தபடியே, எனக்குச் சாதகமில்லாததையும் விடாமல், இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். வாட்ஸ்அப்பில் நீ என்னை பிளாக் செய்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. அதனால் தபால் நிலையத்துக்குப் போய் அஞ்சல் தலை வாங்கினேன். கவுண்டரில் இருந்தவர், பில் கட்ட வந்தாயா என்று இரண்டு முறை கேட்டார்.

உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். அப்போதுதான் எங்கே தவறினேன் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரே வகுப்பில் இருந்தபோது நம்மிடம் ஓர் இடைஞ்சல் நோட்டு இருந்தது. தினமும் ஆளுக்கொரு இடைஞ்சலை எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும், கற்பனை கூடாது. வெள்ளிக்கிழமை உன் அம்மா வீரம்மா ஆன்டி துப்புரவு வேலை முடித்து வரும்வரை, அந்த அலுவலகக் கோபுரத்தின் பின்பக்கம் துப்புரவுச் சாமான் அறை வாசலில் உட்கார்ந்து, சம்பந்தமில்லாத இரண்டு வரிகளை எடுத்துச் சேர்த்துப் பார்ப்போம். பெரும்பாலும் உளறலாகத்தான் வரும். குடையும் கொமுட்டர் ரயில் டிக்கெட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முக்கால் மணி நேரம் விவாதித்தோம். ஒன்றும் ஆகாது என்று முடிவெடுத்தோம்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு வரிகள் சேர்ந்தன. ஒன்று என்னுடையது. வீரம்மா ஆன்டியின் வலது கையில் இருக்கும் பழைய தழும்பைப் பற்றி உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியது: "லேபிள் படிக்க முடியாதவர் போத்தலை மாற்றி எடுத்துவிடுகிறார்." மற்றது உன்னுடையது: "பால் கலக்காத தேநீரைப் பையில் கட்டித் தரும் தே ஓ கடையில், சீனி போடாத பைக்கு ரப்பர் பேண்டை இரட்டையாகச் சுற்றுகிறார்கள். எழுதாமலே தெரிகிறது." இரண்டையும் சேர்த்தது நான். தரை கழுவும் மருந்துக்கு ஒரு வளையம், கழிவறை மருந்துக்கு இரண்டு, கையில் படவே கூடாத அமிலத்துக்கு மூன்று. கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம், போத்தலின் கழுத்தைத் தொட்டால் போதும். நான் எழுந்து குதித்தேன். நீ சிரித்தாய்.

இந்தப் பிப்ரவரியில் நீ கிள்ளானுக்குக் குடிபோய்ப் பள்ளி மாறினாய். நோட்டு என்னிடம் இருந்தது. மே பதினேழாம் தேதி புத்தாக்கப் போட்டி. "அன்றாட வாழ்வில் ஆக்கச் சிந்தனை" என்பது தலைப்பு. விண்ணப்பப் பாரத்தில் இரண்டு பெயர் எழுதட்டுமா என்று சீதாலெட்சுமி டீச்சரிடம் கேட்டேன். "வேற ஸ்கூல் பிள்ள பேர போட முடியாதுலா ஜனகா. நீதானே பேசப்போற?" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் பெயரை எழுதி முடித்திருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

மேடையில் ஒரு நடுவர், "இது எப்படிம்மா ஒனக்குத் தோணுச்சு?" என்று கேட்டார். நம் தெருவில் கண் தெரியாதவர்கள் நடப்பதற்காகப் பதித்த மஞ்சள் கற்களை மிதித்து நடந்தபோது தோன்றியது என்றேன். அது பொய். மேடையில் நின்ற அந்த நிமிடத்தில்தான் மஞ்சள் கல் என் வாயில் வந்தது. ஆனால் கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது. ஆன்டியின் கைப் படத்தைத் திரையில் காட்டினேன். முகம் தெரியாத படம்தான். "இவர் என் தோழியின் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்றேன். மண்டபம் முழுக்க உச்சுக்கொட்டியது. முதல் பரிசு கிடைத்தது. ஏற்பாட்டாளர்கள் வீடியோவை முகநூலில் போட்டார்கள். நிறையப் பேர் பார்த்தார்கள்.

உன் பெயரைச் சொல்லாததுதான் உன் கோபம் என்று ஊகிக்கிறேன். நியாயமான கோபம். உன் பெயரில் இன்னொரு சான்றிதழ் கேட்டு எழுதட்டுமா? ஒரு வரி பதில் போடு.

ஜனகா

*

கிள்ளான்
15 ஜூன்

ஜனகா,

அந்த போன் என் ஒருத்தியுடையது இல்லை, அதனால் பிளாக் செய்தேன். அம்மாவும் அதைத்தான் வைத்திருக்கிறார். மெசேஜ் வந்தால் என் தங்கையைக் கூப்பிட்டு, "என்னா போட்டிருக்கு, படி" என்பார். உன் மெசேஜை அம்மாவுக்கு அவள் படித்துக் காட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சான்றிதழை நீயே வைத்துக்கொள். இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவதில்லை.

என் பெயரா? என் பெயருக்கு என்ன வந்தது?

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்தக் கோபுரத்தில் ஒருவருக்கும் தெரியாது. பதினோரு வருடம் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். கழிவறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்பதை இடம் பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருந்தார். கையெழுத்தை எழுதமாட்டார், வரைவார். புதிதாக ஏதாவது ஒட்டினால் காவலுக்கு இருக்கும் அங்கிளிடம், "கண்ணாடி கொண்டாரல, என்னா போட்டிருக்கான் பாருங்கண்ணே" என்பார். உனக்கு மட்டும் நான் சொன்னேன். தழும்பைப் பற்றி நீ கேட்டபோது நீ என் தோழி என்று நினைத்துச் சொன்னேன்.

முகம் தெரியாத படம் என்று எழுதியிருக்கிறாய். கையும் நீலச் சட்டையும் தெரிந்ததே, போதாதா? சூப்பர்வைசர் சபாபதி தினமும் பார்க்கிற கை அது. மே இருபத்திரண்டாம் தேதி காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு போத்தலை அம்மாவின் கையில் கொடுத்தார்.

"வீரம்மா, இத கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

"கண்ணாடி எடுத்தாரல சார்."

"இந்தாங்க, என் கண்ணாடிய போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. யாரோ சிரித்தார்களாம். பிறகு சபாபதி, "சேஃப்டிலா, மேலேருந்து ஆர்டர். நான் என்னா செய்ய" என்று சொல்லி பாஸ் அட்டையை வாங்கிக்கொண்டார்.

என்ன தப்பு செய்தோம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் கூட வேலை செய்யும் வள்ளியம்மா அக்கா அந்த வீடியோவை அனுப்பினார். உன் குரலைக் கேட்டதும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "இது நம்ம ஜனகா பொண்ணு இல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டார். சத்தத்தைக் கூட்டினார். அதன் பிறகு முழுவதையும் கேட்டார்.

மூன்று முறை போட்டுக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு வரி கேட்டாய். அதிகமாகவே எழுதிவிட்டேன். போதும்.

அமுதவள்ளி

*

பிரிக்பீல்ட்ஸ்
22 ஜூன்

அமுதா,

போதும் என்று நீ எழுதிய பிறகும் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு நான்கு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றும் கட்டுரை மாதிரி இருந்தது. உன் கடிதத்தில் "சத்தத்தைக் கூட்டினார்" என்ற இடத்துக்குமேல் என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

ஏதாவது செய்ய வேண்டும் என்று வியாழக்கிழமை பள்ளி விட்டதும் கோபுரத்துக்குப் போனேன். சபாபதி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, நம்ம வீடியோ பொண்ணு! வா தங்கச்சி, வா. உன் ஐடியா சூப்பர்லா."

சாமான் அறையைத் திறந்து காட்டினார். இப்போது ரப்பர் பேண்டு இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் வளையங்கள் செய்திருக்கிறார்கள். போத்தல்கள் வரிசையாக அவற்றை மாட்டிக்கொண்டு நின்றன. பார்த்ததும் ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

"ஆறு பில்டிங்ல போட்டாச்சு. பாஸ் ரொம்ப ஹேப்பி."

"வீரம்மா ஆன்டிய திரும்ப எடுத்துக்குங்க அங்கிள். அவங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தானே இந்த வளையம்?"

"வீரம்மா நல்ல மனுசி. பதினோரு வருசத்துல ஒரு கம்ப்ளெய்ன் கெடையாது. ஆனா படிக்கத் தெரியாதவங்க கெமிக்கல் தொடக்கூடாதுன்னு ரூலு இருக்கு. தெரியாத வரைக்கும் சரி. நீதானே மைக் புடிச்சு ஊருக்கே சொன்ன?"

"வளையம் இருந்தா படிக்கத் தேவையில்லையே அங்கிள்?"

அவர் சிரித்தார். "அது சரி. ஆனா வளையம் போட்ட போத்தல எடுக்கறவங்களுக்கும் படிக்கத் தெரியணும்லா."

அதற்குள் படம் எடுக்கச் சொல்லி இன்னொருவரை அழைத்துப் போனை நீட்டினார். அலமாரிக்கு முன்னால் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். கேமராவைப் பார்த்ததும் நான் சிரித்தேன். பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சிரித்தேன்.

இப்போது நான் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். வெளியே வரும்போது, அறையின் மூலையில், தூக்கிப் போடுவதற்காக வைத்திருந்த பெட்டியில் பழைய போத்தல்கள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். கழுத்தில் ரப்பர் பேண்டு. காய்ந்து, வெடித்து, பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஒன்றில் ஒரு சுற்று, ஒன்றில் இரண்டு, அமிலம் என்று போட்டிருந்ததில் மூன்று.

"இது யாரு அங்கிள் போட்டது?"

"அதுவா? வீரம்மாவோட போத்தலுங்க. எப்பவும் அப்படித்தான் சுத்தி வெச்சிருப்பாங்க. நான் இங்க வந்து ஏழு வருசம், அப்பவே இருந்துச்சு. மாட்டித் தொங்கவிடறதுக்குன்னு நெனச்சேன்."

நாம் கண்டுபிடித்தது போன ஆகஸ்டில். ஏழு வருடத்துக்கு முன்னால் நமக்கு ஒன்பது வயது.

அமுதா, உனக்குத் தெரியுமா? தெரியாது என்று நீ எழுதினால் நம்புவேன். எப்படியானாலும் இது ஆன்டியின் யோசனை என்று போட்டிக்காரர்களுக்கு எழுதப்போகிறேன். பரிசு அவர் பெயரில் இருக்க வேண்டும்.

ஜனகா

*

கிள்ளான்
29 ஜூன்

ஜனகா,

தெரியும்.

நான் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அம்மாவின் கை வெந்தது. கட்டுப் போட்ட கையோடு மறுநாளே வேலைக்குப் போனார். போகும்போது சமையலறையில் கறிவேப்பிலைக் கட்டிலிருந்தும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்தும் கழற்றிச் சேர்த்துவைத்த ரப்பர் பேண்டுகளை ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "இனிமே தப்பு வராது" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை.

நீ தழும்பைப் பற்றிக் கேட்ட அன்று பாதிதான் சொன்னேன். போத்தல் மாறியதைச் சொன்னேன், மறுநாள் நடந்ததைச் சொல்லவில்லை. அந்த வாரம் நோட்டில் தே ஓ கடையைப் பற்றி எழுதினேன். உனக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமை நீ இரண்டையும் சேர்த்துவிட்டுக் குதித்தாய். "நாமே கண்டுபிடித்துவிட்டோம்" என்று கத்தினாய். உள்ளே அம்மா துடைப்பத்தை அலசிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நீ எட்டிப் பார்த்திருந்தால் அலமாரியில் அந்தப் போத்தல்களைப் பார்த்திருப்பாய். நாம் ஒரு வருடம் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். எல்லாவற்றையும் கவனித்து எழுதுகிற நீ, உள்ளே ஒரு தடவை பார்த்ததில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். நாம் செய்தால் அது ஐடியா. அம்மா செய்தால், படிக்கத் தெரியாத ஒருவர் சமாளித்துக்கொண்டது. எனக்கு அப்படித்தான் பட்டது. ஐடியாவாகவே இருக்கட்டும், அதில் பாதி என்னுடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆக, உனக்கு முன்னால் அம்மாவிடமிருந்து எடுத்தது நான். உன்னைத் திட்டி எழுதும்போதெல்லாம் இது எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

போட்டிக்காரர்களுக்கு எழுதாதே. உன் கடிதத்தை நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், முழுவதும். நான் செய்ததையும் சொன்னேன். அதற்கு அவர் இதைத்தான் சொன்னார்:

"எம்பேர எங்கயும் போட வேணாம்னு எழுது. ஒருவாட்டி எல்லாருக்கும் தெரிஞ்சது பத்தாதா? பேரு போட்டா மறுபடியும் அதே கதையத்தானே சொல்லுவாங்க."

"அது ஒங்க யோசனைம்மா" என்றேன்.

"இருக்கட்டும். நான் யோசிச்சது என் கைக்காக."

இப்போது செலாயாங் பாசார் போரோங் மொத்தச் சந்தையில் காய்கறி தரம் பிரிக்கிறார். விடியும் முன்பே ஒரு லோரி இங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மிளகாய்க்கு லேபிள் கிடையாது, அதனால் அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்கிறார். சாயங்காலம் வந்தால் கை எரிகிறது. பழைய இடத்தில் கை எரியாமல் இருப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

இனி எழுத வேண்டாம், ஜனகா. இது கோபத்தில் சொல்வதில்லை. உன் கடிதம் வந்தால் அம்மா, "என்னா போட்டிருக்கு?" என்று கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

நோட்டை நீயே வைத்துக்கொள்.

அமுதவள்ளி

*

பிரிக்பீல்ட்ஸ்
12 ஜூலை

அமுதவள்ளிக்கு,

இதற்குப் பதில் வேண்டாம். ஆன்டி கேட்டால் இதையும் படித்துக் காட்டு. அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நீ சொன்னது சரி. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை என்பது நோட்டில் எழுதினால் வருவது என்று நினைத்திருந்தேன். துடைப்பம் அலசுகிற இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பரிசுக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க சீதாலெட்சுமி டீச்சரிடம் கொண்டு போனேன். காரணம் கேட்டார். ஆன்டியைப் பற்றிப் பேசாமல் அதைச் சொல்ல முடியவில்லை. "காரணம் சொல்லாம திருப்பிக் குடுத்தா ஸ்கூல் பேருதான் கெடும். ஸ்ட்ரெஸ்னால பேசற நீ. போய்த் தண்ணி குடி" என்றார். கோப்பையைத் திரும்பக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நேற்று தமிழ்மொழிக் கழகத்தின் சிந்தனை வாரம். "புதிய யோசனை பிறக்கும் விதம்" என்று மாணவர்களுக்குப் பேச என்னை முன்பே போட்டிருந்தார்கள். மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கலாம். மேடைக்குப் பின்னால் திரையில் சபாபதியோடு நான் நிற்கும் படம். அந்த நிறுவனம் முகநூலில் போட்டதை டீச்சர் எடுத்து வைத்திருக்கிறார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், ஓர் ஆள் உயரத்துக்கு.

இரண்டு பக்கம் எழுதி எடுத்துப்போயிருந்தேன். அதைப் படிக்கவில்லை. ஆன்டியின் பெயரைச் சொல்லக்கூடாது, கையைப் பற்றிச் சொல்லக்கூடாது, படிப்பைப் பற்றிச் சொல்லக்கூடாது. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் என்னிடம் மீதி இருந்தது இவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"இது என் யோசனை இல்லை. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வேறொருவர் பல வருடங்களுக்கு முன்பே செய்துவைத்திருந்தார். நான் அதை எடுத்துவந்து மேடையில் சொன்னேன். மஞ்சள் கல் கதை பொய்."

இப்போது யாராவது திட்டுவார்கள், அதோடு ஏதோ ஒன்று சரியாகும் என்று நினைத்தேன்.

டீச்சர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். மைக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

"பாத்தீங்களா பிள்ளைங்களே? இதுக்குப் பேருதான் தன்னடக்கம். முதல் பரிசு வாங்கின பொண்ணு, 'எல்லாம் எனக்கு முன்னாடி இருந்தவங்க செஞ்சது'ன்னு சொல்றா. உங்கள்ல எத்தன பேருக்கு இப்படிச் சொல்லத் தோணும்?"

கைதட்டினார்கள், அமுதா. போட்டியில் தட்டியதைவிட அதிகமாக. முதல் வரிசையில் முதலாம் படிவத்தில் படிக்கும் சின்னப் பெண் ஒருத்தி நான் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இல்ல டீச்சர், நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். மைக் அவர் கையில் இருந்தது. "போதும்மா, நல்லா பேசுன" என்று என்னை அணைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நன்றி சொன்னார்.

நான் மேடையைவிட்டு இறங்கவில்லை. பிள்ளைகள் நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தார்கள். மைக் இல்லாமல் இன்னொரு முறை சொன்னேன், இந்த முறை சத்தமாக. நாற்காலிச் சத்தத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி எனக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

அவர் பெயரைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். சொல்லவில்லை. நான் காப்பாற்றிய ஒரே வார்த்தை அதுதான். அதற்கும் எனக்கே கைதட்டல் கிடைத்தது.

திரையில் இருந்த படம் போனது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக மண்டப விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

ஜனகா